நல்லா சாப்பிடுவான்

தையல் கம்பெனியில் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர். சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு துரைக்கு வேலைக்காரி. இருபத்திரண்டு வயது மகனைத்தான் துரை என்று கூப்பிடுவாள். பிறந்ததிலிருந்து கை கால் அவன் பேச்சைக் கேட்டதில்லை. வாயில் வருவதும் இரண்டொரு சொல்தான். காது மட்டும் பாம்புச் செவி, எல்லாம் புரியும்.

காலையில் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பகலெல்லாம் பார்த்துக்கொள்ள அரசாங்கச் செலவில் ஒரு அண்ணன் வந்துகொண்டிருந்தார். அவர் வந்தால்தான் இவள் வேலைக்குப் போக முடியும். அந்த உதவியைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள்.

உதவி இன்னும் தேவையா என்று சரிபார்க்க அதிகாரி வருகிறார் என்றதும், விருந்தாளிக்குச் செய்வதுபோல் வீட்டைத் துடைத்து, துரைக்குப் புதுச்சட்டை மாட்டி உட்காரவைத்தாள்.

"தம்பி சாப்பிடுவாரா?"

"நல்லா சாப்பிடுவான் சார்."

"குளிப்பாரா?"

"ஒரு நாள் தவறமாட்டான்."

பெற்றவள் வேறெப்படிச் சொல்வாள்? ஊட்டினால் சாப்பிடுவான், குளிப்பாட்டினால் குளிப்பான் என்பது பார்த்தாலே தெரியாதா என்று நினைத்துவிட்டாள். அதிகாரி கேட்டதோ, தானாகச் செய்வானா என்று. அடுத்த மாதத்திலிருந்து அண்ணன் வரவில்லை.

அப்புறம் பட்டதெல்லாம் நாய் படாத பாடு. அக்கம்பக்கத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஆளை உட்காரவைத்தாள். ஆள் கிடைக்காத நாளில் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்க்கும்வரை உயிர் உயிராக இல்லை. "இனிமே லேட்டா வந்தா வரவே வேணாம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். உதவி தரும் அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அழுது, மறுபடியும் பார்க்க வருவதற்குச் சம்மதம் வாங்கினாள். அங்கிருந்த பெண் ஊழியர் காதோடு சொன்னார்: "இந்தத் தடவை பெருமை பேசிடாதீங்கக்கா. முடியாததை மட்டும் சொல்லுங்க."

அதே அதிகாரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தட்டு அவள் மடியில் இருந்தது.

"தானா சாப்பிடுவாராம்மா?"

துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படிப் பிழைப்பது? கண்ணை மூடிக்கொண்டு கொட்டித் தீர்த்தாள்.

"மாட்டான் சார். சாப்பிட முடியாது, குளிக்க முடியாது, ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் வேணும். ஒண்ணுமே முடியாது சார் இவனால."

கண்ணைத் திறந்தபோது துரையின் முகம் சிவந்திருந்தது. அவன் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே வந்து தட்டிலிருந்த கரண்டியைப் பற்றியது. பாதிச் சோறு சட்டையில் சிந்தியது. மீதி வாய்க்குள் போய்விட்டது.

"என் தங்கமே!" என்று கத்திவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்பிடறாரேம்மா!" அதிகாரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். பாவி மனிதர், நல்லவர் வேறு.

"இன்னைக்குத்தான் சார் முதல் தடவை. சத்தியமா சொல்றேன்."

"ஒரு தடவை வந்துட்டா அப்புறம் பழகிடும்மா" என்று எழுதிக்கொண்டே எழுந்தார்.

"சார், இன்னொரு வாய் பாத்துட்டுப் போங்க சார்!"

அவர் அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். துரை மறுபடியும் கையைத் தூக்கப் பார்த்தான். எழவில்லை. அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு, ஊட்டச் சொல்லி வாயைத் திறந்தான்.