ரோஸ் நிறக் கால்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர் ஆன் மேரி. வாங்க வந்தவர் "கலரு கொஞ்சம் அடர்த்தியா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினால், முகம் கோணாமல் நாற்பதாவது சேலையையும் பிரித்துப் போடுவார்.

போன வருடம் புதுவயல் சாலையில் ஒரு லாரி அவருடைய ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து மாதம் கழித்து, இலவசமாகச் செயற்கைக் கால் பொருத்தும் மையம் ஒன்று அளவெடுத்தது; கால் வந்ததும் அவரை வரச் சொன்னது.

அங்கே பெட்டியைத் திறந்து காலைக் காட்டினார்கள். வெளிர் ரோஸ் நிறத்தில், பிளாஸ்டிக் பொம்மையின் கால் மாதிரி இருந்தது. அவரோ நல்ல கறுப்பு.

"இது யாரு காலு தம்பி?"

கால் பொருத்தும் கார்த்திகேயன் சிரித்தார். "உங்களுக்குத்தான்க்கா. போட்டுப் பாருங்க."

அளவு கச்சிதமாக இருந்தது. நாலடி நடந்தார், வலி இல்லை. எதிர்க் கண்ணாடியில் கணுக்காலைப் பார்த்ததும் அழுகை முட்டியது. மறுநொடி அது கோபமாயிற்று.

"எனக்கு இந்தக் கலர் வேணாம்."

மேசைக்குப் பின்னாலிருந்த பொறுப்பாளர் நிமிர்ந்தார். "நடக்கத்தானேம்மா காலு? சேலைக்குள்ள இருக்கிறத யாரு பாக்கப் போறாக? சும்மா குடுக்கிறதுல கலர் வேற கேக்குறீகளா?"

"நான் பாப்பேன்யா! தினமும் எந்திரிச்சு நான்தானே மாட்டணும்? ஒரு சேலைக்கு நாப்பது கலர் காட்டுறோம். சாகுற வரைக்கும் போட்டுக்கிற காலுக்கு ஒரே கலரா? சும்மா குடுத்தா எனக்குக் கண்ணு இல்லாமப் போயிருமா?"

காலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கக்கத்துக் கட்டைகளை ஊன்றி வெளியேறிவிட்டார்.

பத்து நாள் கழித்து கார்த்திகேயன் அவர் வீட்டுக்கு வந்தார். கையில் எட்டு நிறங்களில் மாதிரித் துண்டுகள். ஒன்றை எடுத்து ஆன் மேரியின் முழங்கையருகே வைத்தார்.

"அதுல மஞ்சள் ஓடுது" என்று ஆன் மேரி அதைத் தள்ளிவிட்டு, அடுத்ததைத் தானே எடுத்தார். பொருந்தியது. "இதை எங்க பிடிச்சீக?"

"காலு செய்யுற கம்பெனியில எல்லாக் கலரும் இருக்குக்கா. படிவத்துல அதுக்கு ஒரு கட்டமே இருக்கு. நாங்கதான் 'வழக்கம்போல'ன்னு எழுதி அனுப்பிருவோம்."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். ஆன் மேரி நிறத் துண்டைக் கீழே வைத்தார். இத்தனை வருடமும் இருந்ததா?

"முன்னாடி வாங்கிட்டுப் போனவுக போட்டு நடக்குறாகளா?"

"பாதிப் பேரு கட்டைக்கே திரும்பிர்றாக. பழகச் சோம்பேறித்தனம்னு நெனச்சோம்."

"சோம்பேறித்தனமா? கூச்சம் தம்பி! ஒரு தடவ கேட்டீகளா?"

கார்த்திகேயன் ஒரு படிவத்தை எடுத்து, அந்த நிறத்தின் எண்ணைக் கட்டத்தில் எழுதினார்.

புதிய கால் மூன்று வாரத்தில் வந்தது. ஆன் மேரி வேலைக்குத் திரும்பினார். கோபம் மட்டும் ஆறவில்லை. இப்போதெல்லாம் விடுமுறை நாளில் மையத்துக்குப் போய், வருகிறவர்களின் படிவத்தை அவரே நிரப்புகிறார். பொறுப்பாளர் முறைப்பதைச் சட்டை செய்வதில்லை.

சென்ற வாரம் நெற்குப்பையிலிருந்து வந்த பெத்தன் என்ற மூட்டை தூக்குபவர், நிறத்துக்கான கட்டம் வந்ததும், "எதையாச்சும் எழுதுங்கம்மா" என்றார்.

"அப்படி எழுத மாட்டேன். உங்க காலு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பெத்தன் தயங்கினார். பிறகு வேட்டியை விலக்கி, நிறத் துண்டுகளைத் தன் மறுகாலோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.