ஒடெசாவை நடக்கவிட்ட தெரு

சிகாகோவின் மேற்குப் பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் குடியிருந்த ஒடெசா யாரையும் லேசில் நம்பமாட்டாள். கறிக்கடைத் தராசின் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். பாதிரியார் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலே, “இவருக்கு என்ன வேணுமாம்?” என்பாள். அவளையே வீட்டுத் தரகன் கார்மோடி கவிழ்த்துவிட்டான்.

காரணம் எலிதான். அவள் கைக்குழந்தை ரூபியின் தொட்டிலுக்குள் ஓர் எலி ஏறியிருந்தது. அன்றே சொந்த வீடு வாங்கிப் போய்விடுவது என்று முடிவெடுத்தாள். ஆனால் கறுப்பர்களான எங்களுக்கு வங்கி கடன் தராது, வெள்ளையர் தெருவில் வீடும் தரமாட்டார்கள். தவணைக்குத் தருகிறேன் என்று வந்தவன் கார்மோடி மட்டுமே.

“முதல்ல தெருவப் பாருங்க மேடம். ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு எல்லாரும் வாசல்ல நிக்கிற நேரமா வாங்க. குழந்தைய வண்டியில வெச்சு மெதுவா நடங்க.”

எனக்கு அப்போதே உறுத்தியது. “வீட்டக் காட்டாம தெருவ எதுக்குடி காட்டுறான்?”

“கூரை ஒழுகும் ஆல்மா, அதான் உள்ள விடமாட்டேங்கிறான். வெளிய நின்னே கண்டுபிடிக்கிறேன் பாரு.”

நானும் கூடப் போனேன். அது வெள்ளையர் தெரு. ஒடெசா ஈஸ்டர் பண்டிகைத் தொப்பியோடு வீட்டுக்கு வீடு நின்று கூரையை, தகரக் குழாயை, நிலவறைச் சன்னலை முறைத்தாள். திரைச்சீலைகள் அசைந்தன. ஒருவன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டான். எதிரே காரில் உட்கார்ந்திருந்த கார்மோடிக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரமும் வரச் சொன்னான்.

அடுத்த வாரம் போனால் பல வாசல்களில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை, எல்லாவற்றிலும் அவன் பெயர். ஒடெசா வண்டியை நிறுத்தினாள்.

“பாவி! எனக்குத் தெருவக் காட்டல ஆல்மா. தெருவுக்கு என்னைக் காட்டியிருக்கான்.”

கறுப்பர் வந்தால் வீட்டு விலை விழுந்துவிடும் என்று பயந்து ஓடும் வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதையே எங்கள் தலையில் இரண்டு மடங்குக்குக் கட்டுவது அவன் பிழைப்பு. நான் தடுத்தும் கேளாமல் ஒடெசா பலகை வைத்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹவ்லிக் என்ற வெள்ளைக்கார அம்மாள் பாதிக் கதவைத் திறந்தாள்.

“பக்கத்து வீட்ட வாங்குனவங்க நீங்கதானே?”

“யாருங்க சொன்னது?”

“கார்மோடிதான். உங்க பின்னாடியே இன்னும் நெறைய பேர் வர்றாங்கன்னாரு.”

“நான் எதையும் வாங்கலைங்க. அவன் நடக்கச் சொன்னான், நடந்தேன். அவன் தர்றத விடக் கூடவே தர்றேன். என் வீட்டுக்காரருக்கு இரும்பாலையில நிலையான வேலை. வீட்ட நேரா எனக்கே குடுத்துடுங்க.”

அந்த அம்மாள் ரூபியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பிவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்,” என்றாள். “ஆனா உங்களுக்கு வித்தேன்னு தெரிஞ்சா, எங்க அக்காவே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அவன் ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போறான்.”

கதவு சாத்தப்பட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவை உதைத்திருப்பேன். ஒடெசா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இலை உதிரும் காலத்தில் ஹவ்லிக் அம்மாளின் அதே வீட்டை ஒடெசா வாங்கினாள், கார்மோடியிடம், அவன் சொன்ன விலைக்கு. “புத்தி கெட்டுப் போச்சாடி?” என்று கத்தினேன்.

“தெரிஞ்சேதான் ஏமாறுறேன்,” என்றாள். “வேற யாரு குடுப்பா?”