இரண்டாம் நிறுவை

முதுமாணிப் பட்டத்துக்காக நிஷாந்தி அக்கா ஐம்பத்தெட்டு வீடுகளின் கதவைத் தட்டினார். பெரும்பாலானவை தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள். முப்பத்தோராவது வீட்டில் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். அது அவர் செய்த தவறு.

என் சொந்த அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர் அவர், அதனால் எனக்கு அவரும் அக்காதான். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, இரண்டாம் தடவைதான் தேறினார். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம். முதல் ஆறு மாதம் விரிவுரை எதுவும் புரியவில்லை என்றும், பக்கத்தில் இருப்பவள் எழுதுவதைப் பார்த்துப் படம் வரைவதுபோல் சிங்களத்தை வரைந்துகொண்டேன் என்றும் சொல்வார். பிறகு மலைநாட்டின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. வேலை செய்துகொண்டே தபால்வழியில் ஒரு பட்டம். அதற்குப் பின் முதுமாணி. வார இறுதியில் கண்டிக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போவார், திரும்பி வந்ததும் விட்டுக்கொடுத்த டியூட்டிகளைச் சேர்த்துச் செய்வார். வாட்டில் கூட வேலை செய்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு படித்துவிட்டு ஊசியை என்ன வேறு மாதிரியா குத்தப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

அவர் ஊசி குத்துவதை விட்டுவிடத்தான் படித்தார். தாதியர் கல்லூரியில் விரிவுரையாளராகப் போக வேண்டும்; தன்னைப்போல எழுத்தை வரைந்துகொண்டிருக்கும் தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழில் ஒரு தடவையாவது விளக்க வேண்டும். அந்தப் பதவிக்கு முதுமாணி தேவைப்பட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியிருந்தார். மூன்றாவது தவணை கிடையாது என்று கடிதம் வந்திருந்தது.

ஆய்வின் பொருள் பக்கவாதம். மூளைக்குப் போகும் குழாயில் இரத்தக் கட்டி அடைத்தால், அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால் பயன் குறையும், மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். ஆகவே நோயாளி வந்ததும் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். தோட்டத்து ஆட்கள் ஏன் நேரம் கடந்து வருகிறார்கள் என்பதை அக்கா ஆராய்ந்தார். ஆஸ்பத்திரியின் பழைய கோப்புகளில் இருந்து ஐம்பத்தெட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து, அனுமதி வாங்கி, வீடு வீடாகப் போய் அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

முப்பத்தோராவது வீடு இறம்பொடைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தது. இறந்துபோனவர் லெட்சுமி, வயது ஐம்பத்தொன்று, கொழுந்து எடுப்பவர். பேச உட்கார்ந்தவர் அவருடைய கணவர் சின்னத்தம்பி. மூன்று வருடத்துக்கு முன் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அவருக்கு அக்காவை உடனே அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் மிஸ்தான் டியூட்டியில் இருந்தார் என்று மருமகளிடம் சொல்லி, தேத்தண்ணி போடச் சொன்னார்.

அவர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும்போது லெட்சுமிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நிறுவையில் கூடையைத் தராசில் ஏற்ற வலது கை வரவில்லை. கங்காணி திட்டினார்.

"அப்பறம் சோத்துக்கு வந்தா. சோத்தக் கையில எடுக்க முடியல. மரத்துப்போச்சுன்னா. கொஞ்சம் படுத்தாச் சரியாப் போயிரும்னு படுத்தா."

எழுதிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"சோத்துக்கா? ரெண்டாம் நெறுவ முடிஞ்சா சோத்துக்கு வந்தாங்க?"

"ஆமா மிஸ். பன்னண்டு மணிக்கு. மூணாம் நெறுவைக்குப் போகவே இல்லையே அவ."

அக்கா பிறந்த தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் நிறுப்பார்கள். தொழிற்சாலை தூரம், லொறி இரண்டு நடைதான் வரும். அங்கே முதல் நிறுவை பகலில், இரண்டாம் நிறுவை மாலை நாலு மணிக்கு. இறம்பொடைப் பக்கத்தில் இருந்த இந்தத் தோட்டத்தில் மூன்று தடவை நிறுத்தார்கள். இங்கே இரண்டாம் நிறுவை என்றால் நடுப்பகல்.

அன்று லெட்சுமியை உள்ளே கொண்டுவந்தபோது மணி ஆறு ஐம்பது. சிங்களம் மட்டும் தெரிந்த தாதி ஒருத்திதான் முதலில் எழுத வந்தாள். சின்னத்தம்பி பேசியது புரியாமல் தமிழ் மிஸ்ஸைக் கூப்பிட்டாள். எத்தனை மணிக்கு என்று அக்கா கேட்டார். ரெண்டாம் நெறுவையிலயே கை வரலையாம் மிஸ் என்று அவர் சொன்னார். அக்காவுக்கு அது எத்தனை மணி என்று நன்றாகத் தெரியும். சிறுமியாக இருந்தபோது அந்த நிறுவை முடிந்து அம்மா வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றவர். நோயாளியின் பதிவுத் தாளில், டிக்கட்டில், மாலை 4.00 என்று எழுதினார். இளம் டாக்டர் மணியைக் கணக்குப் பார்த்தார், ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை என்று பார்த்தார், நேரம் முடிவதற்குள் போட வேண்டும் என்று ஓடினார். எட்டு மணிக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் லெட்சுமிக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மூன்றாம் நாள் இறந்தார்.

"எனக்குத் தமிழ் தெரியாம இருந்திருந்தா நான் கேட்டிருப்பேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார். "நெறுவன்னா என்னன்னு கேட்டிருப்பேன். நம்ம ஆளு பேசுறது நமக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோப்பை எடுத்துப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான், மேலே கொம்பு மூடாத அதே 4. நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாலும் நூறில் ஐந்தாறு பேருக்கு இப்படி ஆவதுண்டு என்பதும் அவருக்குத் தெரியும். லெட்சுமி அந்த ஐந்தாறில் ஒருவராக இருந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் அந்த ஊசியைப் போட்டிருக்கவே மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஆய்வுக்கு மேற்பார்வையாளரான விரிவுரையாளர் கெட்டவர் அல்ல. ஆரம்ப நேரம் நிச்சயமில்லாத கோப்புகளை நீக்கலாம் என்று ஆய்வு முறையிலேயே இருக்கிறது, இதை நீக்கிவிட்டு ஐம்பத்தேழோடு முடியுங்கள் என்றார். தவணை நாளை நினைவூட்டினார். அக்காவின் கணவர் யோகேஸ்வரன் பாடசாலை ஆசிரியர். அவரும் அதையே சொன்னார். செத்தவரை எழுப்பவா முடியும், நாலு வருடப் படிப்பு, வேலை, எல்லாவற்றையும் ஒரு எண்ணுக்காக அள்ளிக் கொட்டுவாயா என்று கேட்டார்.

ஆனால் நீக்கினால் விஷயமே நீங்கிவிடும் என்று அக்காவுக்குப் பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் நிறுவை மாறுகிறது. ஆட்கள் நிறுவையால் நேரம் சொல்கிறார்கள். டிக்கட்டில் மணி ஏறுகிறது. ஆய்வில் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான் என்று நினைத்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் யார் எழுதிய மணி என்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

மறுபடியும் இறம்பொடை பஸ் ஏறினார். சின்னத்தம்பி வாசலில் பழைய உரச்சாக்கைக் கிழித்துக் கோழிக்கூட்டுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே சொன்னார், எல்லாவற்றையும், ஊசி உட்பட. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, எத்தனை மணி என்று கேட்டபோது நான் மணியைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். தப்பு என்னுடையது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அன்று தேத்தண்ணி வரவில்லை.

அடுத்த கிழமை அக்கா ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுத்தில் அறிவித்தார். விசாரணை வைத்தார்கள். அது முடியும்வரை அவரை வாட்டிலிருந்து மாற்றி மருந்துக் களஞ்சியத்தில் இருத்தினார்கள். பழைய சிநேகிதிகள் சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போனார்கள். இவள் தன்னைப் பற்றி எழுதியதால் இனி எங்கள் கோப்புகளையும் கிண்டுவார்கள் என்பது அவர்கள் கோபம். பல்கலைக்கழகம், விசாரணை முடிவு வந்தால்தான் ஆய்வேட்டை ஏற்போம் என்றது. தவணைக்கு ஐந்து கிழமை இருந்தது.

விசாரணைக்குச் சின்னத்தம்பியைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவர் அக்காதான். அன்று அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் அலுவலகத்திலிருந்து ஒரு எழுதுவினைஞரை அழைத்து வந்திருந்தார்கள். தலைமை தாங்கிய டாக்டர் கேட்டார்: நோய் ஆரம்பித்த நேரம் என்று நீங்கள் சொன்னது என்ன? எழுதுவினைஞர் தமிழில் கேட்டார்.

சின்னத்தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சொன்னார்.

"நாலு மணின்னு சொன்னேங்க."

நிறுவை என்று சொன்னதாக மிஸ் எழுதியிருக்கிறாரே என்று கேட்டார்கள். இல்லை, மணிதான் சொன்னேன் என்றார். மிஸ் வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு என்று சொன்னீர்களாமே. வயசாகிவிட்டது, மாற்றிச் சொல்லியிருப்பேன் என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். அக்கா எழுந்து, அவர் சொல்வது சரியில்லை என்றார். உட்காரச் சொன்னார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் அக்கா அவரைப் பிடித்தார். இறம்பொடை வழியாகப் போகும் கண்டி பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஏங்கய்யா அப்படிச் சொன்னீங்க? எனக்காகவா?"

"ஒனக்காகவா?" என்றார் சின்னத்தம்பி. அதுவரை அவர் அக்காவை நீ என்று சொன்னதில்லை. "என் பொண்டாட்டியக் கொண்டாந்து குடுத்தேன். ஒனக்காக நான் ஏன் பொய் சொல்லணும்?"

அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"மருமவ மாசமா இருக்கா. அவளையும் இங்கதான் கொண்டாரணும். ஒன்னயத் தூக்கிட்டாங்கன்னா உள்ள வந்து எங்க பாசையில என்ன ஏதுன்னு கேக்க யாரு இருக்கா? தப்பாக் கேட்டியோ சரியாக் கேட்டியோ, ஒரு ஆளு நீ."

பஸ் வந்தது. அவர் அவசரப்படவில்லை.

"நீ எதுக்கு வந்து சொன்ன? நான் வந்து கேட்டேனா? மூணு வருசமா அவளுக்கு விதிச்சது அம்புட்டுதான்னு இருந்தேன். இப்ப பன்னண்டுல இருந்து ஏழு வரைக்கும் எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவ படுத்திருந்தா. நானும் பக்கத்துல படுத்துத் தூங்கினேன் புள்ள. அத நீ எழுதல."

ஏறிப் போய்விட்டார்.

விசாரணை முடிவு இரண்டு கிழமையில் வந்தது. பதிவில் தவறு இருந்ததற்குச் சான்றில்லை. உறவினரே நேரத்தை உறுதிப்படுத்தியிருக்கிறார். அக்கா வாட்டுக்குத் திரும்பினார். மேல்முறையீடு செய்யலாமா என்று ஒரு முறை யோசித்திருக்கிறார். செய்தால் சின்னத்தம்பி கையெழுத்து வைத்தது பொய் என்று நிரூபிக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டார்.

மேற்பார்வையாளர் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் அழைத்தார். நேரம் உறுதியாகிவிட்டதால் அந்தக் கோப்பை நீக்க இனி காரணமில்லை; நீக்கினால் தேர்வாளர்கள் ஏன் என்று கேட்பார்கள். நிறுவை பற்றிய பகுதிக்கு இப்போது ஆதாரம் இல்லை, அதை எடுத்துவிடுங்கள் என்றார். அக்கா எடுத்தார். ஐம்பத்தெட்டுப் பேரும் ஆய்வேட்டில் இருந்தார்கள். லெட்சுமி, தாமதம் இரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். தவணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒப்படைத்தார்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் மூன்று பேர், மேற்பார்வையாளரும் இருந்தார். அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டு வந்த வயதான பேராசிரியர் ஒரு வரியில் விரல் வைத்தார். தோட்டத்து நோயாளர் பட்டியலில் இவர்தான் எல்லாரையும்விடச் சீக்கிரம் வந்தவர் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மற்றவர்கள் ஆறு, ஒன்பது, பதினொரு மணித்தியாலம். அவ்வளவு தூரத்திலிருந்து இந்தக் குடும்பம் மட்டும் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்திருக்கிறது. அவர்கள் செய்த எந்தக் காரியத்தை நாங்கள் மற்றத் தோட்டங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்?

பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல கேள்வி என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். மேற்பார்வையாளர் அக்காவைப் பார்க்காமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

அந்த வீட்டுக்காரர் உடனே ஆட்டோ பிடித்தார் என்று அக்கா சொன்னார். மனைவியைத் தனியே விடவில்லை என்றும் சொன்னார்.

பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார். சித்தி, தேறிவிட்டீர்கள் என்றார்கள்.