ஒரே நாளில் பதினான்கு பேர்

கோப்பாய்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்த சைக்கிள் திருத்தும் கடையில் நான் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். மின்சாரமும் பெற்றோலும் நின்றுபோய் ஊரே சைக்கிளில் ஓடிய போர்க்காலம். எங்கள் உதைபந்துக் கழகத்திடம் இருந்தது ஒரேயொரு பந்து. அது காற்றுப் போனால் என்னிடம்தான் வரும். பழைய ரியூபை வெட்டி உள்ளே ஒட்டிக் கொடுப்பேன். மைதானத்தில் மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், நான் போட்ட ஒட்டு நிற்குமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது பலமாக அடித்தால், பந்து வெளியே வந்ததும் அமத்திப் பார்ப்பேன்.

பலமாக அடிப்பவன் எங்கள் இடக்காலன். என்னோடு எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தவன். புகையிலைத் தோட்டம் செய்தான். இடதுகாலால் அவன் தூக்கி அடிக்கும் பந்தைப் பார்க்கவென்றே மூன்று ஊர்ச் சனம் வரும். அவனுக்கு ஒரே பிள்ளை, ஐந்து வயதுப் பெண். வெளிறிய முகம், மெல்லிய கால்கள். அவளுக்கு இரத்தம் தானாக ஊறாத வருத்தம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாலு கிழமைக்கு ஒரு தடவை புது இரத்தம் ஏற்ற வேண்டும். அவளுக்கு ஒரு போத்தல் ஏற்றினால், பதிலுக்கு ஒருவர் போய் ஒரு போத்தல் கொடுக்க வேண்டும். எந்த வகை இரத்தமென்றாலும் சரி.

அவனும் சொந்தக்காரர்களும் கொடுத்து முடிந்ததும் கழகத்தில் வந்து சொன்னான். எங்கள் செயலாளர் நல்ல மனிதர், எதையும் சிறிதாகச் செய்யத் தெரியாதவர்.

"ஒருத்தர் என்னடா, ஒருத்தர்? கழகமே வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோவிலடியில் தேங்காய் உடைத்து, கழகக் கொடியை முன் சைக்கிளில் கட்டி, எல்லோரும் கழக மேற்சட்டை போட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் போனோம். இடக்காலனையும் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர். இரத்த வங்கியிலிருந்த தாதி மிஸ் எங்களைக் கண்டு திகைத்துப் போனார். "மாதத்துக்கு ஒராள் வந்தால் காணுமே, ஏன் இவ்வளவு பேரும் ஒண்டா வந்தனீங்கள்?" என்று கேட்டார். செயலாளர், "எங்கடை பிள்ளையெல்லே, மிஸ்" என்றார். அந்த வாரம் காயப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்ததால் எல்லோரிடமும் எடுத்தார்கள். இடக்காலன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி அனுப்பினான்.

எனக்கு ஊசியென்றால் சிறு வயதிலிருந்தே பயம். பயம் என்று சொல்லவும் பயம். "சைக்கிளுக்கு ஒராள் நிக்கவேணுமெல்லே" என்று சொல்லிவிட்டு மதிலோரம் நின்றுகொண்டேன். கடைசியாக வந்தவர்கள் பிளாஸ்ரர் ஒட்டிய கையை மடித்தபடி சிரித்துக்கொண்டு வந்தார்கள். செயலாளர், கொடுத்தவர்களுக்கென்று கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை நீட்டி, "நீயும் குடுத்திட்டியோடா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். வாழைப்பழத்தையும் தின்றேன்.

அடுத்த மாதம் இடக்காலன் பின்னேரம் கடைக்கு வந்தான். "நாளைக்குப் பிள்ளைக்கு ஏத்தவேணும், ஒராள் காணும்" என்றான். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஒருமுறை கொடுத்தவர் நாலு மாதத்துக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. கழகம் முழுவதும் ஒரே நாளில் கொடுத்துவிட்டது, அந்த இரத்தமும் காயப்பட்டவர்களுக்குப் போய் முடிந்துவிட்டது. ஊரில் மற்ற ஆட்களைக் கேட்டால் ஒருவருக்குத் தலைச்சுற்று, ஒருவருக்குத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு, ஒருவருக்கு மனைவி விடமாட்டாள்.

கழகத்தில் கொடுக்காதவன் நான் ஒருவன்தான் இருந்தேன். அது எனக்கு மட்டும் தெரியும். பிரேக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். அவன், "சரி, பாப்பம்" என்று சைக்கிளைத் திருப்பினான்.

அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். விடிந்ததும் எழுந்து பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தேன். இரத்த வங்கி வாங்கில் அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு நான் அன்று கொடுக்கவில்லையென்று விளங்கிக்கொண்டான். "வந்தியே மச்சான், அது காணும்" என்றான்.

மிஸ் என் விரல் நுனியைக் குத்தி, நீலத் தண்ணீர் இருந்த சிறு போத்தலுக்குள் ஒரு சொட்டு விட்டார். நல்ல இரத்தமென்றால் சொட்டுத் தாழும். என்னுடையது கீழே போகவில்லை. சிவப்பு மணிபோல மேலேயே நின்றது.

"உங்களிட்டை எடுக்கேலாது. உங்களுக்கே காணாது" என்றார் மிஸ். "சாப்பிடுறேல்லையோ?"

பயந்து பயந்து ஒளித்து வைத்தது ஒன்றுக்கும் உதவாத இரத்தத்தைத்தான் என்று அப்போது தெரிந்தது.

தகப்பனைப் பார்க்க வார்ட்டுக்கு வந்த ஒரு கடற்கரைப் பெடியன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் சிலுவை, இடுப்பில் உப்பில் வெளுத்த சாரம். இடக்காலனை உற்றுப் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் போன வருசம் எங்களுக்கு ரெண்டு கோல் போட்ட ஆளெல்லே?"

"ஓம்."

"மிஸ், என்ரையை எடுங்கோ" என்று கையை நீட்டினான். "ஆனால் எங்கடை பெடியளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அடிக்குப் பரிசும் குடுத்தனியோ எண்டு கொல்லுவாங்கள்."

கடைசியில் அதைத் தன் கழகத்தில் சொன்னது அவனேதான். இரண்டு கிழமையில் அவர்களுடைய கப்டன் இடக்காலனைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு வெறுமனே கிடக்கிறது, வந்து இருங்கள், கழகத்தில் பதினாறு பேர் இருக்கிறோம், மாதம் ஒருவராக வருவோம் என்றார். கரைவலைக்கு யார் எப்போது இறங்குவது என்று முறை வைத்திருப்பவர்கள் இதற்கும் முறை வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஐந்து வீட்டுக்கு ஒரு தோட்டக் கிணறு. இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துத்தான் இறைப்போம். அடுத்தவன் நாளில் ஒரு பட்டை தண்ணீர் எடுத்தாலும் சண்டை. அந்த எங்களுக்கு இது தோன்றவில்லை.

இடக்காலன் வீட்டைப் பூட்டிவிட்டு மனைவி பிள்ளையோடு போனான். அடுத்த பருவத்துக்கு அந்தக் கழகத்துக்கே கையெழுத்து வைத்தான். தங்களுக்கு விளையாட வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லையாம். 'எங்களோடை விளையாடினால் சந்தோசம்' என்று மட்டும் சொன்னார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் கடைவாசலில் வேறு கதை இல்லை. புகையிலைக்காரர் ஒருவர், ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர், சங்கிலி கழன்ற சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாள்தோறும் தொடங்குவார்.

"பதினாலு பேர்! ஒரே நாளிலை பதினாலு பேர் குடுத்தம். எந்த ஊர் செய்யும்? உவன் என்ன செய்தவன்? எங்கடை இரத்தத்தை வாங்கிக்கொண்டு சிலுவை போட்ட வேதக்காரரிட்டை ஓடிட்டான்."

"பிள்ளைக்கு வருத்தம், அண்ணை. ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போறதிலை என்ன பிழை?" என்பார் கடை முதலாளி.

"போகட்டும். ஆர் வேண்டாமெண்டது? வீடு மாறலாம். கழகச் சட்டையை ஏன் மாத்தவேணும்?"

"ஞாயிற்றுக்கிழமை அங்கையிருந்து இஞ்சை மிதிச்சு வந்து விளையாடுறதோ?"

"வரட்டும். நான் எட்டு மைல் மிதிச்சுப் போய்ப் புகையிலை வித்துப்போட்டு வாறனெல்லே?"

"நீர் புகையிலை விக்கிறீர். கோல் அடிக்கிறேல்லை."

சனம் சிரிக்கும். செயலாளர் மட்டும் சிரிக்க மாட்டார். "எங்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்பார். "நாங்கள் என்ன, பிள்ளையைக் கைவிட்டிருப்பமோ?"

"அவங்கள் மீன் குடுத்து வாங்கிப்போட்டாங்கள்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"உவன் சைவம்."

"இனிப் பாருங்கோ, நண்டு தின்னுவான்."

ஒருநாள் புகையிலைக்காரர் "துரோகி" என்ற சொல்லை எடுத்தார். அவர் பந்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் துரோகி என்று பெயர் வாங்கியவர்கள் சுடப்பட்ட அந்த நாட்களில் அந்தச் சொல் எங்கே போய் எந்த வாசலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி சந்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்ணை, அந்தச் சொல்லு இஞ்சை வேண்டாம். சும்மா மாறினான் எண்டு சொல்லும்" என்றார்.

அவன் கேட்டு வந்தபோது கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை, நாங்கள் காட்டிய அன்பை ஒரே நாளில் செலவழித்து முடித்துவிட்டோம், அதுதான் நடந்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்ததை நேரில் கண்டவன் நான் ஒருவன். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால், அன்று நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் பம்பை எடுத்துக் காற்று அடித்தேன். காற்று அடிக்கும் சத்தத்தில் கொஞ்சம் கேட்காமல் இருக்கலாம்.

பருவம் தொடங்கி இரண்டாவது ஆட்டமே அவர்களோடு, கடற்கரை மைதானத்தில். முப்பது சைக்கிளில் போனோம். இடக்காலன் நீல மேற்சட்டையோடு இறங்கியதும் எங்கள் பக்கம் கூச்சல் எழுந்தது.

"எந்தப் பக்கத்துக் கோலெண்டு ஞாபகம் இருக்கோ?"

"கால் இடதோ வலதோ எண்டு சேர்ச்சுப் பாதரிட்டைக் கேட்டனியோ?"

அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நான் ஒட்டு நிற்குமோ என்றும் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே அவன் மகள் தாயின் மடியில் இருந்தாள். உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் வென்றோம். அவர்களுடைய வலப்பக்கக் காவலில் பழக்கமில்லாத ஒருவன் நின்றான், அவனுக்குள்ளால் புகுந்து அடித்த கோல். புகையிலைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவர் என்னை இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் அன்று ஆஸ்பத்திரியில் கையை நீட்டிய அந்தப் பெடியன் சாரத்தோடு நின்றான். வலப்பக்கம் காவல் நிற்க வேண்டியவன் அவன்தான்.

"நீர் ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைக் காட்டினான். "முறைக்காரனுக்குக் காய்ச்சல், அண்ணை. அவனுக்குப் பதிலா நான் காலமை குடுத்தனான். இண்டைக்கு ஓடவேண்டாமெண்டு மிஸ் சொல்லிப்போட்டா. மட்ச் நாளும் அதுவும் ஒண்டா வந்திட்டுது."

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் ஆட்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளும் கடைவாசலில் அந்தக் கோலைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. யாரையும் பாராமல், கையிலிருந்த ரியூபைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதிலோரம் நின்றதை, ஒரு மாதம் கழித்துப் போனதை, சொட்டு மிதந்ததை, பிளாஸ்ரர் ஒட்டிய அந்தக் கையை.

புகையிலைக்காரர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அண்டைக்கு நீ வாழைப்பழம் திண்டனியெல்லே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

செயலாளர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "எங்கடை நாலு மாசம் எப்பவோ முடிஞ்சுது" என்றார். "இனி நாங்களும் முறை வைப்பம்." ஆனால் அதைப் போய் இடக்காலனிடம் சொல்ல ஒருவருக்கும் முகம் இருக்கவில்லை. மைதானத்தில் கத்தியவர்கள் அவர்கள். கடைசியில் என்னையே அனுப்பினார்கள்.

பிள்ளைக்கு அடுத்த தடவை ஏற்றும் நாள் வரும்வரை, இரத்தம் ஊறுமென்று தினமும் முருங்கையிலை தின்றேன். முருங்கையிலைச் சுண்டல், முருங்கையிலைச் சொதி, வேண்டாமென்று அம்மா கத்தும்வரை. ஊர் வைத்த முறையைச் சொல்லப் போகும்போது முதல் போத்தல் என்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

இடக்காலன் அதே வாங்கில் இருந்தான். நான் சொன்னதைக் கேட்டான். "அவங்கள் பாக்கிறாங்கள், மச்சான். இனிப் போய் வேண்டாமெண்டு சொல்லேலாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மகள் என்னைப் பார்த்து, "மாமா, பந்து கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டாள்.

ஆனாலும் உள்ளே போய் விரலை நீட்டினேன். கண்ணை மூடவில்லை. சொட்டுக் கொஞ்சம் தாழ்ந்தது. நீலத் தண்ணீரின் நடுவில் நின்றது. பிறகு அது மெல்ல மேலே வந்தது.

"இன்னும் காணாது" என்றார் மிஸ்.

வெளியே வந்தேன். அந்த மாத முறைக்காரன் அப்போதுதான் வந்து இறங்கினான். பெரிய தோள்கள் உள்ள மனிதன், கடலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். சாரத்தில் ஈரம் காயவில்லை. அவசரத்தில் இருந்தான். மதிலோரம் நின்ற என்னைக் கண்டு சைக்கிளை என் பக்கம் சாய்த்தான்.

"அண்ணை, பூட்டில்லை. நான் குடுத்திட்டு வருமட்டும் இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுவியளோ?"

"ஓம்" என்றேன்.

அவன் உள்ளே போனான். அவன் சைக்கிளின் முன்சில்லில் காற்றுக் குறைவாக இருந்தது. என் சைக்கிளிலிருந்து பம்பைக் கழற்றினேன்.