பச்சைப் பெட்டியில் இருபது மாத்திரைகள்

இச்செய்தியை நான் எழுதிவைத்தே ஆக வேண்டும். ஓசூரில் எங்கள் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இது மூன்று வடிவங்களில் உலவுகிறது. முதல் வடிவத்தில் நான் சாகாமருந்து தேடிக் கருநாடகத்திற்கு ஓடிப்போனவன். இரண்டாவதில் ஒரு நோயாளியின் மருந்தைக் கவர்ந்து உண்டவன். மூன்றாவது என் மனைவி சொல்வது. அது முதலிரண்டையும் சேர்த்துச் சில நடிப்புகளோடு நிகழ்த்தப்படுவது. மூன்றிலும் உண்மை சிறிது சிறிது உண்டு. எந்தச் சிறிது என்பதை வரையறுப்பதற்காகவே எழுதுகிறேன்.

கிருட்டிணகிரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அப்போது எனக்கு எழுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு எழுபத்திரண்டு என்பது அயல்நாடு. என் தந்தையும் பெரியப்பாவும் தமையன்மார் இருவரும் அதன் எல்லைவரை நலமாகச் சென்று, நுழைவுச்சீட்டு இல்லாதவர்போல் அங்கேயே நின்றுவிட்டனர். எஞ்சியவன் நான் ஒருவனே.

அந்நிலையில்தான், இரண்டாயிரத்துகளின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், நாளிதழின் உட்பக்கத்தில் ஒரு சிறு செய்தியைக் கண்டேன். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோர் உண்ணும் மாத்திரை ஒன்றை முதிய எலிகளுக்குக் கொடுத்தனராம். அவை தம் வழக்கமான வாழ்நாளைக் கடந்து வாழ்ந்தனவாம். மனிதருக்கு அந்நோக்கத்திற்காக எந்த மருத்துவரும் அதை எழுதித் தருவதில்லை என்றும் செய்தியின் கடைசி வரியில் இருந்தது. கடைசி வரிகளை நான் எப்போதும் ஊன்றிப் படிப்பவன். அன்று மட்டும் படிக்கவில்லை. மருந்தின் பெயரை இங்கே எழுதேன். எழுதினால் இதைப் படிக்கும் என் வயதினர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவர்.

குடியிருப்பின் முகப்பில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஓர் அம்மையார். வீட்டில் தெலுங்கு, கடையிலோ, வந்தவர் வாய் திறக்குமுன் அவருடைய மொழிக்கு மாறிவிடுவார். மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதி நீட்டினேன்.

"சீட்டு யாரு எழுதுனது சார்?"

"நானே எழுதியது."

"அது தெரியுது. டாக்டர் சீட்டு எங்க? இது கிட்னி மாத்துனவங்களுக்கு. உங்களுக்கு எப்ப மாத்துனாங்க?"

"மாற்றவில்லை. அந்த எலிகளுக்கும் மாற்றவில்லை" என்றேன்.

அம்மையார் பின்னடுக்கின் பக்கம் திரும்பினார். "எலிக்குன்னா வேற இருக்கு சார். கேக்கு மாதிரி வரும். எடுக்கட்டுமா?"

விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினேன். ஒரு மாத்திரையின் விலையில் எங்கள் வீட்டிற்கு மூன்று நாள் பால் வாங்கலாம். நாள்தோறும் ஒன்று வேண்டும். நூறாண்டு வாழலாம், ஆனால் காப்பி இல்லாமல் வாழ வேண்டும். விலை குறைந்ததும் நம்பத் தக்கதுமான ஓரிடத்தைக் கண்டுபிடிப்பதே இனி என் வாழ்நாட் பணி என்று முடிவு செய்தேன்.

இப்பணிக்குத் துணையாக வாய்த்தவர் எதிர்வீட்டு நண்பர். இருசக்கர வண்டிகளுக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தருமபுரிக்காரர். நெடுநாள் வாழ வேண்டும் என்ற ஆசைகூட அவருக்கில்லை. சோதித்துப் பார்க்க ஏதேனும் ஒரு பொருள் கிடைத்தால் போதும். தம் மனைவி அவித்த இட்டலியின் கனத்தை அளந்தவர் என்று குடியிருப்பில் சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

"இதுக்குப் போயி ஏன் கவலப்படற வாத்தியாரே? விலையும் கம்மியா இருக்கணும், சரக்கும் சரியா இருக்கணும். கம்பெனில இதத்தான முப்பது வருசம் பண்ணேன்? சாம்பிள் வாங்கு. மாஸ்டர் பீஸோட வெச்சு அள. சரியா இருந்தா பாஸ், இல்லன்னா தூக்கிப் போடு."

மாஸ்டர் பீஸ் என்று அவர் சொன்னது, ஐயத்திற்கிடமில்லாத மூல உருப்படியை. அதனோடு ஒப்பிட்டே மற்றவற்றை ஏற்பதும் தள்ளுவதும் தொழிற்சாலை முறை.

விலை குறைந்த சரக்கு எல்லைக்கு அப்பால் கிடைத்தது. அத்திப்பள்ளிப் பேருந்து நிறுத்தத்தருகே ஒருவர் வண்டியின் பின்புறம் கரும்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு நிற்பார். முன்பு மருந்து நிறுவனப் பிரதிநிதியாக இருந்தவராம். கடைவிலையில் பாதி சொன்னார்.

"எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சார். ஃபாரின் போக வேண்டிய மால்."

நண்பர் விழித்துக்கொண்டார். "ரிஜெக்ட்டுன்னா எதுல ரிஜெக்ட்? டயாவா, திக்னஸா?"

"கலரு சார்."

"வெள்ளையாத்தான இருக்குது?"

"ஜாஸ்தி வெள்ளை."

இவ்விடை நண்பருக்கு முழு நிறைவளித்தது. பத்து மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்றை வாங்கினோம். அட்டையில் மருந்தின் பெயர் இருந்தது. செய்தவர் முகவரி இருக்க வேண்டிய மூலை மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. அம்மூலையை அளக்க இயலாதாகையால் நண்பர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூல உருப்படி பின்வரிசை வீட்டில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முப்பத்தைந்து வயதுக்காரர் அங்கே குடியிருந்தார். ஈராண்டுகளுக்கு முன் தம் தமக்கை தந்த சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர். அம்மாத்திரையை நாள்தோறும் உண்பவர். நண்பரிடம் முன்பு எந்திர இயக்குநராக வேலை பார்த்தவருங்கூட. தர ஆய்வாளர் சாம்பிள் கேட்டால் எதற்கு என்று கேளாமல் எடுத்துக் கொடுப்பது தொழிற்சாலைப் பழக்கம். அப்பழக்கத்தால் அவர் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார்.

"சார், இதுல்லா கடைசி அட்டை. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இதுல இருந்துதான் போடணும். ஷிப்ட் முடிஞ்சு வாரேன், குடுத்துருங்க."

"அளந்துட்டு அப்பிடியே தரேன் தம்பி" என்றார் நண்பர்.

அட்டைக்குள் இருக்கும் மாத்திரையைத் திருகு அளவியால் அளக்க முடியாது என்பதை அத்தம்பி நினைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

அன்று முற்பகல் முழுவதும் என் உணவு மேசை ஆய்வுக்கூடமாயிற்று. நண்பர் இரண்டு அட்டைகளையும் பிதுக்கி, பத்துப் பத்தாக இரு எவர்சில்வர் கிண்ணங்களில் இட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருகு அளவியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, அளவைக் கூவினார். நான் தமிழ் எண்களில் குறித்தேன். அவர் எட்டிப் பார்த்துச் சினந்ததால் மாற்றி எழுதினேன். குறுக்களவிலும் கனத்திலும் இரண்டு கிண்ணங்களும் ஒத்திருந்தன. உண்மையில் கரும்பெட்டிக்காரரின் மாத்திரைகளே தமக்குள் ஏற்றத்தாழ்வு இன்றி இருந்தன. நண்பர் அவற்றைப் பாராட்டினார்.

"நம்ம கம்பெனில வண்டிக்குப் போட்ட இரும்பு புஷ்கூட இப்பிடி வந்ததில்ல. பாஸ்!"

தொழிற்சாலையில் தேறிய உருப்படிகளைப் பச்சைப் பெட்டியிலும் தேறாதவற்றைச் சிவப்புப் பெட்டியிலும் கொட்டுவார்களாம். தேறியபின் எது எந்தக் கிண்ணத்திலிருந்து வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லையாம். என் மனைவி துவரம்பருப்பு வைக்கும் பச்சை நெகிழிப் பெட்டி அருகில் இருந்தது. முப்பதாண்டுப் பழக்கம் அவர் கையை நடத்தியது. இரு கிண்ணங்களையும் அதில் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கினார். நான் கைதட்டினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

நான்கு மணிக்குத் தம்பி வந்தார். மேசைமேல் வெற்று அட்டைகள் இரண்டையும் பார்த்தார்.

"சார், என் மாத்திரை எங்க?"

நண்பர் பெட்டியைத் தட்டினார். "இதுல பத்து எடுத்துக்க. எல்லாம் ஒண்ணுதான். நானே பாஸ் பண்ணேன்."

நாங்கள் செய்ததை எல்லாம் கேட்டபின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாம் ஒண்ணுதான்னா, நீங்க ரெண்டு எடுத்துப் போடுங்க சார். நான் பாக்கேன்."

நண்பர் பெட்டியைப் பார்த்தார். பெட்டியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் சாளரத்தைப் பார்த்தேன். நூறாண்டு வாழ வந்தவன், எல்லாம் தேறியது என்றவர், இருவரில் ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை.

"ஒவ்வொண்ணாத் தண்ணில கரைச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்" என்றார் நண்பர் மெல்ல.

"கரைச்சுட்டு நாளைக்கு எத முழுங்குதது?"

அதன்பின்தான் அம்மாத்திரை என்ன செய்கிறது என்பதைத் தம்பி சொன்னார். "அக்கா கிட்னிய உடம்பு அசலூர்க்காரன்னு நெனச்சு அடிக்க வரும் ஐயா. இது உடம்போட கையக் கட்டிப் போடுது. கையக் கட்டிட்டா சளி வந்தாலும் அடிக்காது, புண்ணு வந்தாலும் அடிக்காது. ஊர்ல கல்யாண வீட்டுல ஒரு வாய் சாப்பிட எனக்குப் பயம். நீங்க என்னத்துக்கு ஐயா இதத் தேடுதிய?"

எலிகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அவை என் மதிப்பில் குறைந்துகொண்டிருந்தன.

"அந்த எலிய கூண்டுக்குள்ளல்லா வச்சிருப்பாவ" என்றார் அவர். "டவுன் பஸ்ல ஏத்தி விட்டாவளா?"

மூவரும் மருந்துக்கடைக்கு விரைந்தோம். அம்மையார் தலையில் கைவைத்தார். "தேவுடா! அந்த மாத்திரை இப்ப ஸ்டாக் இல்ல, பெங்களூருல இருந்துதான் வரணும், இன்னிக்கு வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. நாளைக்கு பந்த்து சார். காலைல ஆறு மணியில இருந்து பஸ்ஸு பார்டர் தாண்டாது. பெங்களூரு வண்டி இந்தப் பக்கமே வராது." பிறகு தொலைபேசியில் கன்னடத்தில் யாரையோ கெஞ்சினார், அதட்டினார், சிரித்தார். முடிவாகச் சொன்னார்: மொத்த வணிகரின் வண்டி பொழுது விடியுமுன் அத்திப்பள்ளிவரை வரும், அங்குள்ள மருந்துக்கடையில் அட்டையைக் கொடுத்துச் செல்லும், யாரேனும் தம்பியின் மருத்துவச் சீட்டோடு போய் வாங்க வேண்டும்.

"நானே போறேன்" என்று தம்பி எழுந்தார்.

"நீ வெயில்ல, தூசில வர வேணாம்" என்றார் நண்பர். "ரிஜெக்ஷன் எங்க பேர்ல. நாங்க போறோம்."

மறுநாள் காலை எல்லையோரச் சூசூவாடிவரை ஊர்ப் பேருந்து கொண்டுவிட்டது. அதற்குமேல் தமிழ்நாட்டுப் பேருந்துகள் மூக்கைத் திருப்பி நின்றன. மக்கள் பையும் பிள்ளையுமாக எல்லையை நடந்து கடந்துகொண்டிருந்தனர். நாங்களும் நடந்தோம். எல்லைக்கு அப்பால் கருநாடகக் காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, எங்கே செல்கிறோம் என்று கன்னடத்தில் வினவினார். எனக்கு அம்மொழி வாராது. நண்பர் பேசினார்.

"மாத்ரெ தரோக்கெ ஹோக்தா இதீவி சார்."

"யாரிகெ?"

நண்பர் தம்பியின் மருத்துவச் சீட்டை எடுத்து நீட்டினார். "நம்ம ஹுடுகனிகெ."

மாத்திரை வாங்கச் செல்கிறோம், யாருக்கு என்றால் நம் பையனுக்கு என்று பொருள் என நண்பர் பின்னர் சொன்னார். காவலர் எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்து, நிழலோரமாகப் போகும்படி வழிவிட்டார்.

அத்திப்பள்ளிக் கடை பாதி அடைத்திருந்தது. அட்டையை வாங்கினோம். நண்பர் அதைத் திருப்பித் திருப்பி மூலைகளைப் பார்த்தார். முகவரி முழுமையாக இருந்தது. திருகு அளவி அவர் சட்டைப்பையில் இருந்ததை நான் அறிவேன். அதை அவர் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் கரும்பெட்டிக்காரர் வாடிக்கையாளர் இன்றித் தம் வண்டிமேல் அமர்ந்திருந்தார். நண்பரின் நடை மாறியது.

"டேய், நீ குடுத்தியே, அந்த மாத்திரைய நீ திம்பியா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. உண்மையாகவே வியந்தவர்போல் கேட்டார்: "நான் ஏன் சார் திங்கணும்? எனக்கென்ன நோயா?"

நடுச்சாலையில், நல்ல வெயிலில், நோயில்லாத இரு கிழவர்கள். நடையைத் தொடர்ந்தோம்.

சூசூவாடிக்கு வரும்போது ஒன்பதே கால். ஊர்ப் பேருந்தைக் காணவில்லை. தக்காளி ஏற்றிவந்த சிறு சரக்குந்து ஒன்றின் பின்னால் கூடைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். நண்பர் அட்டையை மார்போடு அணைத்திருந்தார். என் வேட்டியில் படிந்த கறைதான் நான் கருநாடகத்தில் அடிபட்டுத் திரும்பினேன் என்னும் கிளைக்கதைக்கு மூலம்.

தம்பி கதவருகே கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றார். மணி பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது. அட்டையைப் பிதுக்கி ஒன்றை எடுத்து, நண்பர்முன் நீட்டினார்.

"சார், அளக்கலையா?"

"முழுங்குடா" என்றார் நண்பர்.

விழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் அக்கா கொடுத்த சிறுநீரகம் இன்றும் அவரோடு இருக்கிறது. அவர் இப்போது அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

பச்சைப் பெட்டி நண்பரின் நிலையடுக்கில் இருபது மாத்திரைகளோடு, கழுத்தில் சிவப்புச் சீட்டுடன் நெடுநாள் இருந்தது. என் மனைவிக்கு வேறு பெட்டி வாங்கித் தந்தேன். எழுபத்திரண்டாம் பிறந்தநாளன்று காலையில் கண்விழித்ததும், விழித்தவன் நான்தானா என்று உறுதி செய்துகொள்ளச் சற்று நேரம் படுத்தேயிருந்தேன். "ஏங்க, எல்லையத் தாண்டியாச்சு, எந்திரிங்க, காப்பி ஆறுது" என்றார் மனைவி. இப்போது எழுபத்தாறு. எப்படி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்பதே என் விடை. கேட்பவர்கள் நம்புவதில்லை, மாத்திரையின் பெயரைக் கேட்கிறார்கள்.

இக்கட்டுரையில் பிழைகள் இருக்கக்கூடும். சரக்குந்தில் இருந்தது தக்காளி அன்று, குடைமிளகாய் என்று நண்பர் வழக்காடுகிறார். அட்டை கைக்கு வந்தபோது மணி பத்தாக நான்கு நிமிடம் இருந்தது என்பது தம்பியின் கணக்கு. கன்னடத் தொடர்களை நான் காதால் கேட்டு எழுதினேன். அம்மொழி அறிந்தோர் திருத்தித் தர வேண்டுகிறேன். வேறு பிழை கண்டோரும் அன்புகூர்ந்து தெரிவிக்கலாம். அன்று அப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நான் மறைவாக விழுங்கினேன் என்னும் திருத்தத்தை மட்டும் ஏற்பதற்கில்லை. பெட்டியில் இருபதும் இருந்தன. எண்ணியவர் தர ஆய்வாளர்.