கறுக்காத ஆயில் விற்ற சிகாமணி முதலாளி

சிகாமணி முதலாளி போய்விட்டார். பாறசாலையில் ஆயிலும் ஸ்பேர் பார்ட்ஸும் விற்றாரே, அவர்தான்... காலையில் என் அண்ணன் வில்சன் போன் செய்து சொன்னான்.

அதற்குள் டைம்லைன் முழுக்க அவர் போட்டோ. "எளிமையான மனிதர்", "யாருக்கும் தீங்கு நினைக்காதவர்"... எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கடைப்படி ஏறியிருக்க மாட்டார்கள்.

நான் ஏறியிருக்கிறேன். செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கமெண்ட்டில் புத்தி சொல்ல யாரும் வர வேண்டாம்.

தொண்ணூறுகள்... அண்ணன் பாறசாலை ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினான். பழைய டீசல் கார், ஆனால் சொந்த வண்டி. நான் பாலராமபுரத்தில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஓட்டம்தான் அண்ணனுக்கு வருமானம். ஆட்கள் நெருக்கி ஏறினால் கொல்லயில் ஊர்ப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி முக்கும். அதனால் நெய்யாற்றின்கரையில் ராஜையன் மேஸ்திரியிடம் விட்டு டியூன் செய்தான். எஞ்சினுக்குக் கூடுதல் டீசல் போகிற மாதிரி பம்பைக் கூட்டி வைத்தார். பின்னால் கரும்புகை, ஆனால் அப்படி ஒரு இழுவை!

மேஸ்திரி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். இனி எஞ்சினில் சூடும் கரியும் கூடும், டீசல் எஞ்சினுக்கென்றே வருகிற நல்ல ஆயிலை ஊற்று, அது சீக்கிரம் கறுக்கும், பயப்படாதே, முன்பைவிடச் சீக்கிரம் மாற்றிவிடு... அவ்வளவுதான்.

அண்ணன் அதை அப்படியே போய் சிகாமணி முதலாளியிடம் கேட்டான். அன்று நானும் கூட இருந்தேன்.

அவர் மேஜையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வைத்திருப்பார். ஒன்றில் தார் மாதிரி கறுத்த ஆயில், மற்றதில் தேன் நிறத்தில் பளபளவென்று ஒன்று. இரண்டும் ஓடின வண்டியிலிருந்து எடுத்ததாம். தேன் நிறம், அவரே வாளியில் வாங்கி டின்னில் அடைத்து விற்கிற சரக்கு. அதில்தான் அவருக்கு லாபம்.

"எலே வில்சா, எஞ்சினுக்குள்ள கரிய ஊத்துவியா, நெய்ய ஊத்துவியா? மேஸ்திரிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். ஆயிலு எனக்காக்கும் தெரியும்."

கடையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வயதான டிரைவரையும் எலே என்றுதான் கூப்பிடுவார்... கார் வைத்திருக்கிற ஆபீசர் வந்தால் மட்டும் எழுந்து நின்று சார். இதுதான் அந்த எளிமை.

அண்ணன் தேன் நிறத்தை வாங்கிக்கொண்டு வந்தான். மாதங்கள் போயும் ஆயில் கறுக்கவே இல்லை. முதலாளியை எல்லாரிடமும் புகழ்ந்தான், பாவம்.

பிறகு கோட்டுகால் சர்ச்சுக்கு ஒரு கல்யாண ஓட்டம். பெண்ணும் வீட்டாரும் வண்டிக்குள். பாலராமபுரம் வருவதற்கு முன் ஆயில் லைட் எரிந்தது, அண்ணன் ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

செல்போன் இல்லாத காலம். பட்டுச்சேலையோடு அந்தப் பெண் வெயிலில் ரோட்டோரம் நின்றாள். கடைசியில் மீன் கூடை ஏற்றிவந்த ஒரு ஜீப்பில் ஏறித்தான் சர்ச்சுக்குப் போனாள். அவள் அப்பா தமிழும் மலையாளமுமாக அண்ணனைத் திட்டியது எதையும் இங்கே எழுத முடியாது.

மேஸ்திரி எஞ்சினைத் திறந்து காட்டினார். அடியில் கறுப்பு அல்வா மாதிரி கரி உறைந்து, ஆயில் மேலே ஏறுகிற வழி முழுக்க அடைத்திருந்தது. நல்ல ஆயில் கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கறுக்கும் என்றார். இந்த ஆயில் பளபளவென்று இருந்துகொண்டு கரியை எல்லாம் உள்ளேயே படியவிட்டிருக்கிறது.

அண்ணன் கடைக்குப் போய்ச் சொன்னான். சிகாமணி முதலாளி ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி, வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு ஆயில் என்ன செய்யும் என்றார். ஸ்டாண்ட் அதை நம்பியது. அதன்பிறகு அண்ணனுக்கு ஒரு கல்யாண ஓட்டமும் வரவில்லை.

இதுவரை விஷயம் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்...

எஞ்சின் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போன அன்று, வேலை விட்டு நானும் ஒர்க்‌ஷாப்பில் இறங்கினேன். அங்கே சிகாமணி முதலாளியின் சொந்த டீசல் கார் ஆயில் மாற்ற நின்றது. அதுவும் மேஸ்திரி டியூன் செய்த வண்டிதான். அடியிலிருந்து இறங்கிய ஆயில்... மை மாதிரி கறுப்பு. புதிதாக ஊற்ற அவர் கொடுத்துவிட்டிருந்தது டீசலுக்கென்று வருகிற கம்பெனி ஆயில், சீல் உடைக்காத டின்.

அண்ணன் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மேஸ்திரி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணனோடு நானும் கடைக்குப் போனேன். சட்டையைப் பிடிப்பான் என்று பயந்தேன், ஆசையும் பட்டேன். நல்ல கூட்டம். அண்ணன் சத்தம்கூட உயர்த்தவில்லை.

"முதலாளி, ஒங்க காருக்கு ஊத்துத ஆயிலு உண்டா? அதுல ஒரு டின்னு தாருங்க."

மனிதர் கண்கூடச் சிமிட்டவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து, தூசி தட்டி, மேஜையில் வைத்தார்.

"உண்டே மக்கா. இத அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேனே."

கேட்டான் ஐயா. அன்றைக்கே கேட்டான்... நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்று RIP போடுகிறவர்களில் இரண்டு பேர் அன்று அங்கே நின்றவர்கள்தான்.

அண்ணன் அந்த வருஷமே வண்டியை விற்றுவிட்டு, கல்ஃபில் யாருடைய காரையோ ஓட்டப் போனான். தலை நரைத்துத்தான் திரும்பினான். சிகாமணி முதலாளி அதே கடையை இரண்டு மாடியாக்கி, சர்ச் கமிட்டியிலும் உட்கார்ந்தார்.

நாளைக்கு அடக்கம். அண்ணன் போகிறானாம். "நீ வரண்டாம், ஒன் மொகத்துல எல்லாம் தெரியும்" என்றான்.

சரிதான். நான் வரவில்லை.

நம் ஊரில் யாரையும் வெறுமனே "போங்க" என்று அனுப்ப மாட்டோம், "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வோம்.

சிகாமணி முதலாளி... போங்க.