நீலத் துண்டுக்கு முன்னால் ஒரு கள்ளிமுளையான்

இன்று காலை லேபில் முதல் ஆளின் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு கைபேசியைப் பார்த்தேன். செடிக் குழுவில் அட்மின் அண்ணாவின் புதுப் படம் வந்திருந்தது. மண்சட்டியில் ஒரு கள்ளிமுளையான். விரல் பருமனில் நான்கு பட்டை வைத்த தண்டுகள், ஒவ்வொரு நுனியிலும் கறுஞ்சிவப்பில் உருண்டையாகப் பூக்கொத்து, அதன் மேல் ஒரு பச்சை ஈ. பின்னால் நீல நிற டர்க்கித் துண்டு. துண்டின் ஒரு மூலையில் பழுப்பு நிறத்தில் முக்கோணமாக ஒரு தழும்பு. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்ட இடம் அது. படத்துக்குக் கீழே, 'விதையிலிருந்து என் மாடியில் வளர்த்த பிள்ளை' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள், கூப்பிய கைகள், 'அருமை அண்ணா'க்கள்.

எனக்கு அருவருத்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன். ஊராரின் மூத்திரமும் மலமும் சளியும் டப்பா டப்பாவாக என் மேசைக்கு வரும். மூடி சரியாகப் போடாமல் பையெல்லாம் ஒழுகவிட்டுக் கொண்டுவருவார்கள். அதையும் துடைத்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறவள் நான். உடம்பிலிருந்து வருகிற எதுவும் எனக்கு அருவருப்பில்லை. மனுஷன் மனசிலிருந்து வருவதுதான் குமட்டுகிறது.

அந்தக் குழுவில் நான் சேர்ந்தது ஒரு சப்பாத்தி ஆசையில்தான். சாப்பிடுகிற சப்பாத்தி இல்லை, முள் சப்பாத்தி. லேப் மாடியில் நாலைந்து சட்டிகளில் கள்ளிகளை வைத்திருந்தேன். அவற்றில் ஒன்று அழுகிப்போக, வழி கேட்டு எழுதினேன். உடனே ஒரு குரல் பதிவு வந்தது: "தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்கம்மா. கள்ளிக்குப் பாசம் ஆகாது. கொஞ்சம் மறந்துடுங்க, அது நல்லா இருக்கும்." அவர்தான் அட்மின். சென்னைப் பக்கம் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். ஒரு வாரத்தில் கொரியரில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டுக் கள்ளி வந்து சேர்ந்தது. காசு வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா ஆகிவிட்டார். கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. அதனால் அந்தச் சொல்லை நான் கொஞ்சம் கனமாகவே வைத்திருந்தேன்.

குழுவுக்கென்று அவர் சில பழக்கங்களை ஏற்படுத்தியிருந்தார். யாரிடமிருந்து செடி வந்ததோ அவர் பெயராலேயே அதைக் கூப்பிட வேண்டும். எனக்கு வந்தது 'அட்மின் அண்ணா கள்ளி'. அதை நான் பிரித்துக் கொடுத்தபோது வாங்கியவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். காட்டுச் செடியென்றால் விரல் நீளத்துக்கு நுனியைக் கிள்ளலாம், வேரைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் புற்றுக்காளான் படம் போடுவோம். அதற்கும் இதே சட்டம்தான். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. வெளியில் பார்த்த செடியையோ காளானையோ படம் எடுத்தால், பின்னால் ஒரு துணியைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மலை, மரம், கோயில் கோபுரம் எதுவும் படத்தில் விழக்கூடாது. "எடம் தெரிஞ்சா செடி செத்துச்சுன்னு அர்த்தம். திருட்டுப் பசங்க கடப்பாறையோட வந்துடுவானுங்க" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் எல்லோரும் வீட்டில் ஆளுக்கொரு பழைய துணியைப் படத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். என்னுடையது கிழிந்த பாவாடை. அவருடையது நீலத் துண்டு. அந்த நீலத்தைப் பார்த்தாலே குழுவில் ஒரு மரியாதை.

என் நாத்தனாரை, கணவரின் அக்காவை, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊருக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று இருக்கிறது. வல்லத்துக்கும் தொண்டூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். செஞ்சியைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்? அந்தக் குன்றின் ஒரு சரிவில் பாறை வெடிப்பு முழுக்கக் கள்ளிமுளையான் மண்டிக் கிடந்தது. பக்கத்தில் ஓட்டுகிற ஆடுகள் மேய்ந்துவிடும் என்று அண்ணி அதைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருந்தார். அவ்வப்போது பிஞ்சாகக் கிள்ளி வந்து புளி, மிளகாய் வைத்துத் துவையல் அரைப்பார். நான் அவர்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்த புதிதில், வாய்க்கு எதுவும் பிடிக்காமல் மசக்கையில் கிடந்தபோது, எனக்கு உள்ளே இறங்கிய ஒரே சோறு அந்தத் துவையல் பிசைந்த சோறுதான். அண்ணிக்கும் எனக்கும் ஒட்டுதல் வந்தது அங்கிருந்துதான்.

அண்ணா அதைப் பார்க்க ஆசைப்பட்டார். நானே கூட்டிப்போனேன். பூக்கிற பருவம். சரிவில் ஏறும்போதே செத்த எலி வாடை அடித்தது. ஈக்களை வரவழைக்கப் பூ அப்படி நாறுமாம். எல்லோரும் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, பூவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் இழுத்து மோந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "எவ்ளோ வருஷம் ஆச்சும்மா, இவ்ளோ ஒண்ணா பார்த்து" என்றார். நீலத் துண்டை எடுத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார். விரல் நீளத்தில் ஒரு நுனியை அவர் கிள்ளிக்கொண்டார், எனக்கும் ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க செய்யறது பெரிய புண்ணியம்மா" என்றார். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் குவாரி வரப்போவதாக அப்போது ஊரில் ஒரு பேச்சு. அதையும் நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் கூப்பிட, திரும்புவதற்குள் மூலை பொசுங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்தார். "விடுங்கம்மா. இனிமே இதை எவனும் தன்னோடதுன்னு சொல்ல முடியாது" என்று அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில், குழுவில் பழகிய ஒரு தோழி எனக்குத் தனியாக ஒரு படத்தை அனுப்பினாள். வேறு ஏதோ விற்பனைக் குழுவில் வந்ததாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். தரையில் கட்டுக் கட்டாகக் கள்ளிமுளையான். கொத்துக் கொத்தாக வேரோடு, வேரில் செம்மண்ணும் பாறைச் சில்லும் ஒட்டிக்கொண்டிருக்க, கீரைக்கட்டு மாதிரி சணலால் கட்டி அடுக்கியிருந்தது. இடம் தெரியக்கூடாது என்று பின்னால் ஒரு துணி பிடித்திருந்தார்கள். நீலம். மூலையில் முக்கோணத் தழும்பு. விற்றவன் பெயர் வேறு, கைபேசி எண் வேறு. துண்டு மட்டும் அதே துண்டு. பழக்க தோஷம் என்பது எவ்வளவு நல்ல விஷயம் பாருங்கள். திருடப் போன இடத்திலும் தன் சட்டத்தை மீறாத உத்தமர்.

அன்று லீவு போட்டுவிட்டு ஓடினேன். குன்றில் முள்வேலி ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. வெடிப்பெல்லாம் பல்லைப் பிடுங்கிய ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. கிள்ளிய தடம் ஒன்றுகூட இல்லை, தோண்டிய தடம்தான். ஓர் ஓரத்தில் உடைந்த தண்டுகள் வெயிலில் அழுகிக் கொழகொழவென்று கிடந்தன. காலில் ஒட்டியது. வீட்டுக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். அவர் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்கற? நீ தானே அனுப்பிச்ச?"

"நானா?"

"அமாவாச அன்னிக்கு வந்தாரு உங்க அண்ணாரு. மலையனூருக்குப் போறேன், தங்கச்சி சொல்லி அனுப்பிச்சிது, குவாரிக்காரன் வர்றதுக்குள்ள எடுத்து வேற எடத்துல வெக்கணும்னாரு. நான்தான் முள்ள இழுத்து வுட்டேன். சாக்கு குடுத்தேன். களக்கொத்து கூட என்தே தான். நீ கூட்டியாராம அவருக்கு எப்பிடி வழி தெரியும்?"

அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஆயிரம் பேர் மூட்டையும் பையுமாக ஏறுவார்கள். ஒரு சாக்கு மூட்டையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நாள் பார்த்து வந்திருக்கிறார். அம்மன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து விற்றிருக்கிறார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சொல்வதை நான் பாதிக் கேலியாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் முழு நாற்றமும் தெரிந்தது. திருடியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். மோர் கொடுத்த கையாலேயே வேலியை எடுக்க வைத்தாரே, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

போன் போட்டேன். அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் காப்பாத்தியிருக்கேம்மா. அங்க வெடி வெச்சா ஒண்ணும் மிஞ்சாது. இப்ப எத்தனையோ வீட்டு மாடில உயிரோட இருக்குது. கொரியருக்கு, சட்டிக்குச் செலவு இல்லையா? அதைத்தான் வாங்கினேன். நியாயமாப் பார்த்தா நீங்க எனக்கு நன்றி சொல்லணும்."

"எங்க அண்ணிகிட்ட என் பேர ஏன் சொன்னீங்க?"

"அது ஒரு பேச்சுக்கும்மா. இதப் போய்ப் பெருசு பண்றீங்களே."

அந்தக் குவாரி இன்று வரை வரவில்லை.

குழுவில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று, விற்பனைப் படத்தையும் வெறும் பாறையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். நியாயம் கிடைக்கும் என்று நம்பினேன். முதலில் ஓர் ஆசிரியை அழுகிற முகம் ஒன்றைப் போட்டார். அடுத்து ஒருவர் கேட்டார்: 'அக்கா, இந்த வெரைட்டி இன்னும் ஸ்டாக் இருக்கா?' இன்னொருவர், 'அந்தப் பாறை லொகேஷன் கிடைக்குமா?' அதற்குள் அண்ணா தான் காப்பாற்றிய கதையை நீளமாக எழுத, மாலை போடாத குறையாகப் புகழ்ந்தார்கள். தங்கள் மாடியில் இருந்த கள்ளிமுளையானைப் படம் எடுத்துப் போட்டு, 'அட்மின் அண்ணா முளையான்' என்று பெயரும் வைத்தார்கள். யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயர் என்பதுதானே சட்டம். அண்ணி பெயர் யாருக்குத் தெரியும்? என் பதிவு கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. தனிப்பட்ட சண்டைகளைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. அவரை மட்டும் வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தக் கூப்பிய கைகளைத்தான் சகிக்க முடியவில்லை. ஆனாலும் வெளியேறவில்லை. அந்தத் துண்டுக்கு முன்னால் அடுத்து எந்த ஊர்ப் பாறை வந்து உட்காரப்போகிறதோ என்று பார்க்க வேண்டியிருந்தது.

அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டு விசேஷத்தில் என் இலைக்குப் பரிமாறும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். "வித்துட்டா" என்று யாரிடமோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன். அண்ணா எனக்குக் கிள்ளிக் கொடுத்த அந்த விரல் நீள நுனி மட்டும் லேப் மாடியில், நான் மறந்தே விட்டதாலோ என்னவோ, சட்டி கொள்ளாமல் கிளைத்திருந்தது. போன மழை தொடங்கியபோது அதைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இத இன்னாத்துக்கு எடுத்தாந்த?" என்றார் அண்ணி. அத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"உன் பாறையோடதுதான் அண்ணி. வெச்சிடலாம்."

அவர் உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்துவந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். வெடிப்பில் விரலாலேயே மண்ணை நோண்டினார். நகமெல்லாம் ரத்தம் கட்டியது. நான் வைத்தேன், அவர் அழுத்தினார். இரண்டு பேருமாக முள்ளை வெட்டிவந்து அடைத்தோம். அப்போதுதான், "அந்தாளு நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். அதில் 'நீ' இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை அவர் மாடியிலிருந்து வந்தது அந்தப் பாறைச் செடி பூத்த படம்தான். விதையிலிருந்து வளர்த்த பிள்ளையாம். கைபேசியை மூடி வைத்தேன். பிறகு திறந்து, நான் போட்ட தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இவ்வளவு நாளில் அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதி. இதயங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'துண்டைத் துவைத்துப் போடுங்கள் அண்ணா. நாறுகிறது.' அடுத்த ஆளுக்கு ஊசி போட்டு முடித்து வருவதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் லேபை மூடிவிட்டு நேரே அண்ணி ஊருக்குப் போனேன். இருவரும் சரிவில் ஏறினோம். பாதி வழியிலேயே வாடை வந்துவிட்டது. வெடிப்பில் எங்கள் செடியும் பூத்திருந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயே, இன்னா நாத்தம் நாறுது. அந்தாளு வூட்டு மாடியிலயும் இப்பிடித்தான் நாறுமா?"

"நாறும் அண்ணி. போட்டோவுலதான் வராது."

அண்ணி செடிமேல் படாமல் தள்ளிப்போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். பிறகு முள்ளை இழுத்து மூடினார். நான் கைபேசியை எடுக்கவில்லை. செடிக்குப் பின்னால் துணி எதுவும் இல்லை. குன்று முழுசாகத் தெரிந்தது.